வெளி ஈசியூவும் பியூஸ் பாக்ஸும்: மாட்டுவதற்கு முன் கேட்டவை

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்து நண்பர்கள் பழைய மாருதி எஸ்டீம், ஜென் வண்டிகளில் வெளி ஈசியூ (பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி, கம்பெனியுடையதுக்குப் பதிலாக வெளியில் வாங்கிப் போடுவது) மாட்டுவது பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ட்யூனிங் பக்கம் போகவில்லை. பெட்டியை எங்கே வைப்பது, ஒயரை எப்படி இழுப்பது என்பது மட்டும்தான்.

அண்ணா, பானட்டுக்குள் பேட்டரி பக்கத்தில் நிறைய இடம் இருக்கிறது. ஈசியூவை அங்கேயே வைத்தால் ஒயர் மிச்சம்தானே? (எஸ்டீம், கொழிஞ்சாம்பாறை)

ஒயர் மிஞ்சும், ஈசியூ மிஞ்சாது. மெகாஸ்குவிர்ட், ஸ்பீடுயினோ போன்ற வெளி ஈசியூக்கள் பெரும்பாலும் தண்ணீர் புகாத பெட்டியில் வருவதில்லை. அப்படிப்பட்டவற்றை பானட்டுக்குள் வைக்கவே வேண்டாம். ஐபி67 என்று போட்ட பெட்டி ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும், சரி. ஆனால் அந்த எண் இன்ஜின் சூட்டைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

என் விருப்பம் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால், அல்லது இடது பக்கம் உட்காருபவரின் காலருகே உள்ள பக்கச் சுவர். தரையில் வைக்காதீர்கள். ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டால் முதலில் நனைவது இடது பக்கத் தரைதான். தென்மேற்குப் பருவமழையில் ஈரச் செருப்போடு ஏறி இறங்கினால் கார்ப்பெட் காயவே காயாது.

கனெக்டர் கீழே பார்க்கட்டும். ஒயர் கனெக்டரை விடத் தாழ்ந்து இறங்கி, அப்புறம் மேலே ஏறிப் போகட்டும். ஒயர் வழியே வரும் தண்ணீர் அந்தத் தாழ்ந்த வளைவிலேயே சொட்டிவிடும். பெட்டிக்கு அடியில் நான்கு ரப்பர் புஷ் போதும். ஓட்டை போடும் முன் தகட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கையை விட்டுப் பாருங்கள்.

சில ஈசியூக்களில் மேப் சென்சார் (இன்டேக் மேனிபோல்டுக்குள் உள்ள காற்றழுத்தத்தை அளப்பது) பெட்டிக்குள்ளேயே இருக்கும். அப்படியானால் பெட்டி இன்டேக் மேனிபோல்டை விட உயரமாக இருக்க வேண்டும். சென்சாருக்கு வரும் குழாய் மேனிபோல்டை நோக்கிச் சரிந்தே இறங்கினால்தான் பெட்ரோல் ஈரம் சென்சார் பக்கம் தங்காது.

கோவை உக்கடத்தில் பழைய கார் பியூஸ் பாக்ஸ் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (ஜென், வேலந்தாவளம்)

வாங்கலாம், திறந்து பார்த்து வாங்குங்கள். உள்ளே இருக்கும் பித்தளைப் பட்டை கறுத்திருந்தாலோ, பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ அது ஒருமுறை சூடான பெட்டி, விட்டுவிடுங்கள். கூடவே அதன் கனெக்டர் பின்களும் லாக்கும் கொஞ்சம் ஒயரோடு கிடைக்காவிட்டாலும் வேண்டாம், அந்தப் பின்களைத் தனியாகத் தேடி அலைவீர்கள். நானாக இருந்தால் ரப்பர் சீல் வைத்த மூடியோடு புதுப் பெட்டி வாங்குவேன்.

பெட்டியில் மூன்று ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) வேண்டும்: மெயின், பெட்ரோல் பம்ப், ரேடியேட்டர் ஃபேன். ஈசியூவுக்கு 5 ஆம்பியர், இன்ஜெக்டருக்கு 10, இக்னிஷன் காயிலுக்கு 15, பம்புக்கு 15, ஃபேனுக்கு 30 என்று தொடங்கலாம். காயில், பம்ப், ஃபேன் உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்று கிளாம்ப் மீட்டரில் பார்த்த பிறகு திருத்துங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் மெயின் பியூஸ் இருக்க வேண்டும். அது இல்லாமல் பேட்டரியிலிருந்து பெட்டி வரை வரும் தடித்த ஒயர் எங்காவது பாடியில் உரசினால், அணைக்க வழியே இல்லை.

ரிலேயில் 30 என்று எண் போட்ட பின்னுக்கு பேட்டரி, 87இலிருந்து பம்ப், 86க்கு சாவி போட்டால் வரும் பாசிட்டிவ், 85ஐ ஈசியூ எர்த் செய்யும். உள்ளே டையோடு உள்ள ரிலேயில் 85, 86ஐ மாற்றிப் போட்டால் டையோடும் போகும், ஈசியூவின் அவுட்புட்டும் போகலாம்.

பம்பைச் சாவியோடு நேராகக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. கேட்காதீர்கள். சாவி போட்டதும் ஈசியூ பம்பை ஓரிரு வினாடி ஓட்டும், இன்ஜின் சுற்றவில்லை என்றால் நிறுத்திவிடும். வண்டி இடித்து இன்ஜின் நின்றாலும் அப்படித்தான். நேராகக் கொடுத்த பம்ப், அறுந்த குழாய் வழியே பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும்.

பம்ப் பியூஸ் 15 அடிக்கடி போகிறது. 30 போட்டேன், நின்றுவிட்டது. இனி பிரச்சினை இல்லையே? (கோவிந்தாபுரம்)

இனிமேல்தான் பிரச்சினை. பச்சை பியூஸை (30) கழற்றிவிட்டு நீலத்தை (15) போடுங்கள், இன்றைக்கே. பியூஸ் இருப்பது பம்புக்காக அல்ல, ஒயருக்காக. 15 ஆம்பியருக்கு இழுத்த ஒயரில் 30 போட்டால் அந்த ஒயரே பியூஸாகி, கார்ப்பெட்டுக்கு அடியில் உருகும். சீட் ரெயிலுக்கு அடியிலும் டேங்க் பக்கத்திலும் ஒயர் உரசியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பில்டர் அடைத்து பம்ப் அதிகமாக இழுக்கலாம்.

ஸ்டார்ட் செய்யும்போது ஈசியூ ரீசெட் ஆகிறது. கடையில் ஈசியூவே போச்சு என்கிறார்கள். (எஸ்டீம், மீனாட்சிபுரம்)

ஈசியூவைக் குறை சொல்வது கடைக்காரருக்குச் சுலபம். முதலில் ஈசியூவுக்கு எந்த ஒயரிலிருந்து கரண்ட் எடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ரேடியோவுக்குப் போகும் லைனாக இருந்தால் ஸ்டார்ட்டர் சுற்றும்போது அது செத்துவிடும். சுற்றும்போதும் உயிரோடு இருக்கும் இக்னிஷன் லைனிலிருந்து மெயின் ரிலேயை இயக்குங்கள்.

அது சரியாக இருந்தால் எர்த். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கட்டையிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 0.2 வோல்ட் வந்தால் பயமில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் ஸ்ட்ராப்பை மாற்றுங்கள். ஈசியூவின் பவர் எர்த் எல்லாம் சிலிண்டர் ஹெட்டில் ஒரே இடத்தில், பெயின்ட், கறை சுரண்டிய உலோகத்தில் சேரட்டும். சென்சார் எர்த்தை மட்டும் பாடியில் கொடுக்காதீர்கள், அது ஈசியூவுக்கே திரும்ப வேண்டும். கிராங்க் சென்சாரின் ஷீல்டு ஒயருக்கு ஈசியூ பக்கம் ஒரு முனையில் மட்டும் எர்த்.

அண்ணா, எங்கள் வீடு தென்னந்தோப்புக்குள். எலி ஒயரைக் கடித்தால்? (முதலமடை)

கடிக்கும், அம்மணி. முழுத் தீர்வு யாரிடமும் இல்லை. பயர்வாலில் ஒயர் நுழையும் ஓட்டைக்கு இறுக்கமான ரப்பர் க்ரோமெட், அதற்கு மேல் கம்பி வலை. தேங்காய் மட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டாம். பியூஸ் பாக்ஸ் மூடியைத் திறந்தே போட்டுவிட்டால் அதற்குள்ளேயே கூடு கட்டும்.

வாளையார் செக்போஸ்ட்டில் நிறுத்திப் பார்த்தால்? (கோபாலபுரம்)

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியின் அமைப்பை இஷ்டப்படி மாற்ற விடாது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டும் வண்டி வேறு, தினம் எல்லை தாண்டும் வண்டி வேறு. எப்படியானாலும் கம்பெனி ஹார்னஸை (ஒயர்க் கட்டை) வெட்டாதீர்கள். பழைய ஈசியூவை எடுத்து வையுங்கள், நடுவில் அடாப்டர் போட்டால் ஒரு மாலையில் பழையபடி மாற்றிவிடலாம்.

சால்டரா, கிரிம்ப்பா? (பெயர் வேண்டாம் என்றவர்)

கிரிம்ப், அதாவது பின்னை ஒயர்மேல் நசுக்கிப் பிடிக்கவைப்பது. சால்டர் ஏறிய இடத்தின் ஓரத்தில் ஒயர் விறைத்து, அதிர்வில் அங்கேயே ஒடியும். ஆனால் கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்ப் அல்ல. அந்தப் பின்னுக்கு உரிய டூல் வேண்டும். நசுக்கிய பிறகு ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள், கையோடு வந்தால் வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள்.