மாட்டுப் பொங்கலன்று பர்னஸ் ஓடியதா?

கேள்வி: ஐயா, கோவை கணபதியில் 19 வருடமாக மோட்டார் பம்ப் கம்பெனி நடத்துகிறேன். ஆட்கள் 42 பேர். ஐஎஸ்ஓ 9001 தரச் சான்றிதழ் இருக்கிறது. எம்.பி.ஏ. முடித்துவிட்டு வந்த மகன், தேசிய அளவில் ஏதாவது ஒரு தர விருதுக்கு விண்ணப்பித்தே ஆகவேண்டும் என்கிறான். ஒரு கன்சல்டன்ட், நாலு லட்சம் கொடுத்தால் மூன்றே மாதத்தில் ஃபைல் எல்லாம் தயார் செய்து, விண்ணப்பத்தையும் அவரே எழுதிக் கொடுத்துவிடுவதாகச் சொல்கிறார். எனக்குத்தான் தயக்கம். உள்ளதைச் சொன்னால், கம்பெனியில் பாதி விஷயம் என் தலைக்குள்தான் இருக்கிறது. விண்ணப்பிக்கலாமா? எங்கிருந்து தொடங்குவது? போட்டுத் தோற்றால் டீலர்கள் நடுவில் மானம் போய்விடாதா?
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: தாராளமாக விண்ணப்பியுங்கள். ஆனால் இந்த வருடம் வேண்டாம். நாலு லட்சமும் இப்போதைக்கு பேங்கிலேயே இருக்கட்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு விருதின் மதிப்பீட்டுக் குழுவில் நானும் இருந்தேன். வார்ப்பு செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றுக்குப் போனோம். அலமாரி நிறையப் புது ஃபைல். உலோகம் உருக்கும் பர்னஸின் வெப்பநிலைப் பதிவேட்டைப் புரட்டினால் பன்னிரண்டு மாதமும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. ஜனவரிப் பக்கத்தில் மாட்டுப் பொங்கலன்றும் மணிக்கொரு அளவு குறித்திருந்தது. "அன்னைக்கு பர்னஸ் ஓடுச்சுங்களா?" என்று கேட்டேன். முதலாளி மேனேஜரைப் பார்த்தார், மேனேஜர் தரையைப் பார்த்தார். இத்தனைக்கும் அது நல்ல கம்பெனிங்க. மணலைக் கையில் அள்ளிப் பிடித்தே ஈரப்பதம் சொல்லும் பெரியவர் ஒருவர் அங்கே இருந்தார். இரண்டு இளவட்டங்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்துக்கொண்டும் இருந்தார். ரிஜெக்‌ஷன் வருடா வருடம் குறைந்திருந்தது. அதைப்பற்றி விண்ணப்பத்தில் ஒரு வரி கிடையாது. எழுதிக்கொடுத்தவர் அந்தப் பெரியவரைப் பார்த்ததே இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், விண்ணப்பத்தை நீங்களும் மகனும்தான் எழுத வேண்டும். கன்சல்டன்ட் சொல்லித்தரலாம், எழுதியதைப் படித்துப் பார்த்துக் குட்டலாம். அந்த வேலைக்குக் கூலி பேசுங்கள், நாலு லட்சம் ஆகாது.

ஐஎஸ்ஓ வாங்கிய பழக்கத்தில் இதையும் ஒரு ஆடிட் என்று நினைத்துவிடாதீர்கள். ஐஎஸ்ஓ ஆடிட்டர் பெரும்பாலும் முறை இருக்கிறதா, அதன்படி நடக்கிறீர்களா என்று பார்ப்பார். விருது மதிப்பீட்டாளர், அப்படி நடந்ததால் என்ன விளைந்தது என்று கேட்பார். அமெரிக்காவில் 1987இல் சட்டம் போட்டுக் கொண்டுவந்த மால்கம் பால்ட்ரிஜ் தேசியத் தர விருதில் பல வருடமாக மொத்தம் 1000 புள்ளி இருந்தது. அதில் 450 விளைவுகளுக்கு மட்டுமே. நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1991இல் தொடங்கிய ராஜீவ் காந்தி தேசியத் தர விருது சிறுதொழிலுக்கென்று தனிப் பிரிவே வைத்தது. தொழில் கூட்டமைப்பான சிஐஐயும் எக்ஸிம் வங்கியும் சேர்ந்து வைத்த விருது 1994இல் ஐரோப்பிய முறையை ஒட்டி வந்தது. பெயரும் பிரிவும் மாறினாலும் எல்லாம் கேட்பது கிட்டத்தட்ட ஒன்றுதான். உங்கள் முறை என்ன? அது எல்லா ஷிஃப்ட்டிலும் நடக்கிறதா? நடந்ததைப் பார்த்து எதையாவது மாற்றினீர்களா? மாற்றியபின் எண் நகர்ந்ததா?

ஏற்றமா இறக்கமா என்று சொல்லக் குறைந்தது மூன்று காலத்து எண்ணாவது வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். மூன்று வருடக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 'எங்ககிட்ட ஏதுங்க டேட்டா?' என்பீர்கள். இருக்கிறது. டேட்டா என்று பெயர் வைக்காமல் பீரோவில் போட்டு வைத்திருக்கிறீர்கள்.

பழைய காப்பர் யாருக்குப் போடுகிறீர்கள்? அந்த பில்களை எடுங்கள். வாரன்டியில் திரும்பி வந்து எரிந்த காயிலை உருவி, மறுபடி வைண்டிங் கட்டிய மோட்டார் ஒவ்வொன்றும் அந்த எடையில் இருக்கிறது. மாதம் எத்தனை கிலோ என்று மூன்று வருடத்துக்கு வரிசையாக எழுதினாலே உங்கள் தரத்தின் ஜாதகம் வந்துவிடும். அடுத்து பவுண்டரிக்குத் திருப்பி அனுப்பிய வார்ப்புகளின் டெபிட் நோட்டு. புளோ ஹோல், அதாவது வார்ப்புக்குள் இருக்கும் காற்றுக்குழி, லேத்தில் ஏற்றிய பிறகு தெரிந்ததா, அதற்கு முன்பா என்று பிரியுங்கள். பின்னால் தெரிந்தால் போனது வார்ப்பின் விலை மட்டுமல்ல, மெஷினிங் கூலியும்தான். டீலருக்குச் சொன்ன தேதியையும் லாரி ரசீதில் இருக்கும் தேதியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் டெலிவரிக் கணக்கு. இபி பில்லைப் பம்ப் எண்ணிக்கையால் வகுத்தால் மின்சாரக் கணக்கு. பிஎஃப் பதிவேட்டில் வருடத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் போனார்கள் என்று எண்ணுங்கள். அது கொஞ்சம் வலிக்கும்.

ஒரு எச்சரிக்கை. சித்திரை வெயிலில் விற்பதும் ஐப்பசி மழையில் விற்பதும் ஒன்றல்ல என்று உங்களுக்குத் தெரியும், மகன் போடும் கிராஃபுக்குத் தெரியாது. ஏப்ரலை ஏப்ரலோடு ஒப்பிடச் சொல்லுங்கள். 'அக்டோபரில் புகார் பாதியாகக் குறைந்தது' என்று எழுதினால் பம்ப் தெரிந்த மதிப்பீட்டாளர் சிரித்துவிடுவார்.

எரிந்த காயில் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு அதிகப் புள்ளி அங்கேதான் கிடக்கிறது. விவசாயி 'மோட்டார் சரியில்லை' என்பார், நாம் 'கரன்ட் சரியில்லை' என்போம். இருபது வருடமாக இந்தச் சண்டை ஓடும், ஒருவரும் காயிலைப் பார்க்கமாட்டார்கள். த்ரீ பேஸ் மோட்டாரில் எல்லாச் சுருளும் ஒரே சீராகக் கருகியிருந்தால் ஓவர்லோடு அல்லது லோ வோல்டேஜ். ஸ்டார் கனெக்‌ஷனில் இரண்டு பேஸ் கருகி மூன்றாவது பளிச்சென்று இருந்தால் சிங்கிள் பேசிங், அதாவது ஒரு பேஸ் வராமலே மோட்டார் ஓடியிருக்கிறது. ஒரே இடத்தில் மட்டும் பொட்டு வைத்த மாதிரி எரிந்திருந்தால் இன்சுலேஷன் போயிருக்கிறது. நம் வைண்டிங் செக்‌ஷனைத்தான் முதலில் பார்க்க வேண்டும். திரும்பி வரும் ஒவ்வொரு மோட்டாரையும் பிரித்தவுடன் செல்போனில் ஒரு படம், பக்கத்தில் சீரியல் நம்பர், மூன்றில் எந்த ரகம் என்று ஒரு டிக். பத்து மாதம் இதைச் செய்து, பொட்டு ரகம் எந்த டேபிளிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து, அங்கே ஸ்லாட் பேப்பரோ வார்னிஷோ கை வேகமோ எதையாவது மாற்றி, எண் இறங்கியதைக் காட்டுங்கள். தோல் அட்டை போட்ட நாற்பது ஃபைலை விட இந்த ஒரு பக்கம் பேசும்.

ஒப்பீடும் கேட்பார்கள். 'போட்டிக் கம்பெனிக்காரன் கணக்குத் தருவானா?' என்று சின்னக் கம்பெனிகள் கையை விரித்துவிடும். அவர் தர வேண்டியதில்லை. அவருடைய பம்பைக் கடையில் காசு கொடுத்து வாங்கி, உங்கள் பம்போடு சேர்த்து நம் ஊர் சோதனை மையமான சிட்டார்க்கில் டெஸ்டுக்குக் கொடுங்கள். ஒரே ஹெட்டில், அதாவது ஒரே உயரத்துக்கு ஏற்றும்போது, தண்ணீர் எவ்வளவு, எஃபிஷியன்சி எவ்வளவு என்று தெரிந்துவிடும். அந்த வசதியை உள்ளூரிலேயே வைத்துக்கொண்டு பயன்படுத்தாமல் இருப்பது நம் ஊருக்கே உரிய சோம்பல்.

சரி, முதல் வேலை. பெரும்பாலான விண்ணப்பங்கள் கம்பெனி அறிமுகத்தில்தான் தொடங்கும். பால்ட்ரிஜில் அதற்கு ஐந்து பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். வாடிக்கையாளர் யார், அவர் எதற்காக உங்களிடம் வருகிறார், சப்ளையர் யார், எது உங்கள் பலம், எது இப்போதைய தலைவலி. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தனியாக, மகன் தனியாக, பத்து வருடத்துக்கு மேல் இருக்கும் சூப்பர்வைசர் தனியாக எழுதுங்கள். ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்கக் கூடாது. பிறகு மூன்றையும் மேசை மேல் வையுங்கள். வாடிக்கையாளர் 'டீலர்' என்று நீங்கள் எழுதியிருப்பீர்கள், மகன் 'விவசாயி' என்று எழுதியிருப்பார். சூப்பர்வைசர் 'ஊர் மெக்கானிக்' என்று எழுதியிருந்தால் அவருக்கு ஒரு டீ கூடுதலாக வாங்கிக் கொடுங்கள். பல கிராமத்தில் எந்த பம்ப் வாங்குவது என்று முடிவு செய்வது அந்த மெக்கானிக்தான். மூன்று தாளும் எங்கெல்லாம் முட்டிக்கொள்கிறதோ, அங்கெல்லாம் உங்கள் தலைக்குள் இருப்பது வெளியே வரவில்லை என்று பொருள். வேலையை அங்கே ஆரம்பியுங்கள்.

வெளியே கொண்டுவருவதைத் தமிழில் எழுதுங்கள். விண்ணப்பம் ஆங்கிலத்தில் போகட்டும், மகன் பார்த்துக்கொள்வார். லேத் பக்கத்தில் தொங்கும் தாள் ஆங்கிலத்தில் இருந்தால் யாருக்கு? ஒடிசா, பிகார் பையன்கள் இருந்தால் படம் போடுங்கள், இந்தியிலும் ஒரு வரி சேருங்கள். ஆங்கிலத்துக்கென்று தனியாகப் புள்ளி கிடையாது.

மதிப்பீட்டாளர் வரும் நாளைக்கு ஒத்திகை பார்க்காதீர்கள். அவர் நேராக ஒரு ஹெல்பரிடம் போய், "இந்தப் பீஸ் தப்பாப் போனா என்ன பண்ணுவீங்க தம்பி?" என்று கேட்பார். தம்பி உங்கள் முகத்தைப் பார்த்தால் அங்கேயே புள்ளி போச்சு. "மெஷினை நிறுத்திட்டு சிவப்புப் பெட்டியில போட்டுட்டு அண்ணனைக் கூப்பிடுவேனுங்க" என்று அவர் தன்னால் சொல்ல வேண்டுமானால், நிறுத்தினதற்காக நீங்கள் ஒருநாளும் அவரைத் திட்டியிருக்கக் கூடாது. இதைக் கன்சல்டன்ட் செய்து தர முடியாது.

எந்த விருது என்று மகன் துடித்தால், முதலில் குறு, சிறு, நடுத்தரத் தொழிலுக்கான எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் 'ஜெட்' தரச் சான்றிதழில் கை வைக்கச் சொல்லுங்கள். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படி. 2022இல் புதுப்பித்த திட்டத்தின்படி சான்றிதழ் கட்டணத்தில் குறு நிறுவனத்துக்கு 80, சிறு நிறுவனத்துக்கு 60, நடுத்தர நிறுவனத்துக்கு 50 சதவீதம் மானியம் அறிவித்தார்கள். அதற்கு அந்த அமைச்சகத்தின் உத்யம் பதிவு வேண்டும். டெமிங் என்ற தரப் பரிசு பற்றியும் அவர் பேசக்கூடும். ஜப்பானில் 1951இல் தொடங்கிய அந்தப் பரிசை இந்தியாவில் முதலில் வாங்கியது நம் மாநிலத்துக் கம்பெனிதான், 1998இல் சுந்தரம் கிளேட்டன். ஆசைப்படட்டும், தப்பில்லை. அவர்கள் அதற்கு எத்தனை வருடம் உழைத்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்கட்டும்.

இன்னொன்று: 'உங்கள் நிறுவனம் தேர்வு செய்யப்பட்டுள்ளது' என்று போன் வரும். நட்சத்திர ஹோட்டலில் விழா, ஒரு மேசைக்கு இத்தனை ஆயிரம் என்பார்கள். ஆள் அனுப்பிக் கம்பெனியைப் பார்ப்பீர்களா, குறை நிறை அறிக்கை தருவீர்களா என்று கேளுங்கள். இரண்டும் இல்லை என்றால் அது ஷீல்டு வியாபாரம்.

மானம் பற்றிக் கேட்டீர்கள். நல்ல விருதுகளில் தேறாதவர்கள் பெயரை வெளியிட மாட்டார்கள். நீங்களாகச் சொன்னால்தான் டீலருக்குத் தெரியும். உங்களுக்கு வருவது ஓர் அறிக்கை. வெளியாள் நாலைந்து பேர் உங்கள் கம்பெனியை நாள் கணக்கில் உட்கார்ந்து படித்து எழுதியது. முதல் தடவை அதைப் படிக்கும்போது கோபம் வரும், இரண்டு நாள் தள்ளி வைத்துவிட்டுத் திரும்பப் படியுங்கள். அதிலிருந்து நாலு குறையை மட்டும் எடுத்துத் தமிழில் எழுதி டீ குடிக்கும் இடத்தில் ஒட்டுங்கள்.

ஆடி மாதம் ஆர்டர் குறைவாகத்தானே இருக்கும்? பழைய காப்பர் பில்களை அப்போதே எடுத்துவிடுங்கள்.