டாக்டர் பதில்கள்: படிப்பு முடியும்வரை குழந்தை வேண்டாம் என்றால்

கேள்வி: எனக்கு வயது 20. பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் தருமபுரிக்குப் பேருந்தில் வந்து பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தை மாதம் திருமணமானது. பட்டம் வாங்கும்வரை குழந்தை வேண்டாம் என்பதில் கணவரும் நானும் ஒரே முடிவில் இருக்கிறோம். கருத்தடை மாத்திரையை இரண்டு முறை மறந்துவிட்டுப் பயந்துபோனேன். காப்பர்-டி வைத்துக்கொள்ளலாம் என்றால், “முதல் பிள்ளைக்கு முன்னால் லூப் வைத்தால் கர்ப்பப்பை புண்ணாகிவிடும், அப்புறம் பிள்ளையே தங்காது” என்கிறார் பெரியம்மா. உண்மையா?

பதில்: உண்மையில்லை. ஆனாலும் உங்கள் பெரியம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் சொல்லும் ‘லூப்’ என்ற சொல்லே பழைய காலத்தது. 1965ஆம் ஆண்டு நம் நாட்டுக் குடும்ப நலத் திட்டத்தில் அறிமுகமான லிப்பிஸ் லூப் என்ற பிளாஸ்டிக் வளையத்தால் பல பெண்களுக்கு அதிக இரத்தப்போக்கு ஏற்பட்டது; பலருக்கு அது தானாகவே வெளியே வந்துவிட்டது. அந்த வளையம் வழக்கொழிந்த பிறகும் அதன் பெயரும் அதைப் பற்றிய பயமும் நம் கிராமங்களில் தங்கிவிட்டன.

இன்றைய காப்பர்-டி வேறு பொருள். என்னிடம் வரும் மாணவிகளின் உள்ளங்கையில் ஒன்றை வைத்துக் காட்டுவது என் வழக்கம். மெல்லிய செம்புக் கம்பி சுற்றிய, ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக் துண்டு, அடியில் இரண்டு நூல் இழைகள், அவ்வளவுதான். “இதுக்கா டாக்டர் இவ்வளவு பயந்தோம்” என்று பெரும்பாலும் உடன் வந்த தோழிதான் முதலில் கேட்பாள். செம்பிலிருந்து கசியும் அயனிகள் விந்தணுக்களைச் செயலிழக்கச் செய்து, கரு உருவாவதையே தடுக்கின்றன. உருவான கருவை இது கலைக்கிறது என்பது தவறான எண்ணம்.

பிள்ளை பெறாதவர்களும், 20 வயது நிரம்பாதவர்களும்கூட இதைப் பயன்படுத்தலாம் என்றே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. நோய்த்தொற்று அபாயம் பொருத்திய முதல் 20 நாட்களில்தான் சற்று அதிகம். ஆகவே துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதலோ அடிவயிற்று வலியோ இருந்தால் அதை முதலில் குணப்படுத்திவிட்டுப் பொருத்திக்கொள்ள வேண்டும். மாத்திரையோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும்: வழக்கமாக மாத்திரை சாப்பிடும் 1,000 பெண்களில் ஓராண்டில் சுமார் 70 பேர் கருத்தரிக்கின்றனர், காப்பர்-டி வைத்தவர்களில் 8 பேர். காரணம் நீங்களே எழுதியதுதான், மறதி. விடியற்காலைப் பேருந்தைப் பிடிக்க ஓடும் பெண்ணுக்குத் தினமும் மறக்காமல் மாத்திரை சாப்பிடுவது சாதாரண விஷயமல்ல.

உங்களிடம் நான் கேட்க விரும்புவது ஹீமோகுளோபின் அளவைத்தான். பொருத்திய முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு மாதவிலக்கின்போது இரத்தப்போக்கும் வலியும் கூடலாம் என்பதால், ஏற்கெனவே சோகை உள்ளவர்கள் அதைச் சரிசெய்துகொள்வது நல்லது. விலக்கு எப்போதுமே அதிகமாகப் போகும் பெண்ணுக்கு, இரத்தப்போக்கைக் குறைக்கும், கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் வகைச் சாதனம் பொருத்தமாக இருக்கும்.

காப்பர்-டியில் ‘380ஏ’ என்ற வகை 10 ஆண்டுகள் வேலை செய்யும் என்பதால் அத்தனை காலமும் அதை வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. வேண்டாம் என்றபோது சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். அடுத்த மாதமே கருத்தரிக்கவும் வாய்ப்புண்டு. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பொருத்துகிறார்கள். கணவரின் கையொப்பம் தேவையில்லை, உங்கள் சம்மதம் போதும். “முதல் பிள்ளை பெற்றுக்கொண்டு வா” என்று யாராவது திருப்பி அனுப்பினால், அது மருத்துவக் காரணமல்ல, பழக்கம். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நம்பியிருப்பது குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனைத்தான். பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடும் தற்காலிக முறைகளைப் பற்றிப் பேசும் பழக்கமே நமக்குக் குறைவு.

கேள்வி: கிருஷ்ணகிரியில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். வயது 19, மணமாகவில்லை. கையில் பொருத்தும் கருத்தடைக் குச்சியைப் பற்றிக் கேள்விப்பட்டேன். என்னைப் போன்றவர்கள் கேட்டால் தருவார்களா? வீட்டுக்குத் தெரிந்துவிடுமா?

பதில்: 18 வயது நிறைந்தவருக்கு மணமாகவில்லை என்பது மருத்துவத் தடையல்ல. நோயாளியின் இரகசியத்தைக் காப்பது மருத்துவரின் கடமை. உங்கள் அனுமதியின்றி வீட்டுக்குச் சொல்லக்கூடாது. நீங்கள் சொல்வது சுமார் 4 சென்டிமீட்டர் நீளமுள்ள, தீக்குச்சி போன்ற ஒற்றைக் குச்சி. மேற்கையின் உட்புறத் தோலுக்கடியில், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து பொருத்துவார்கள். மூன்று ஆண்டுகள் வேலை செய்யும். தவறும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட இல்லை என்னும் அளவுக்குக் குறைவு. விலக்கு தாறுமாறாக வரலாம், சிறு கறையாக நீடிக்கலாம். பலர் இதற்காகவே எடுத்துவிடச் சொல்கிறார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அல்லது வலிப்புக்கான சில மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களிடம் இதன் பலன் குறையும். பால்வினை நோய்களை இது தடுக்காது. அதற்கு ஆணுறை அவசியம்.

கேள்வி: பாலக்கோட்டில் ‘அந்தரா’ என்ற கருத்தடை ஊசி போட்டுக்கொண்டேன். இரண்டாவது ஊசிக்குப் பின் விலக்கே வரவில்லை. கெட்ட இரத்தம் உள்ளே தங்கிவிடுமா? அடுத்த ஊசி தேர்வு நேரத்தில் வருகிறது.

பதில்: உள்ளே தங்குவதற்கு இரத்தம் எதுவும் சேரவில்லை. ஊசியால் கர்ப்பப்பையின் உட்படலம் வளராமல் மெலிந்திருப்பதால்தான் விலக்கு நின்றிருக்கிறது. காப்பர்-டியைப்போல் இதை நினைத்தவுடன் எடுத்துவிட முடியாது. கடைசி ஊசிக்குப் பின் கருத்தரிக்கச் சராசரியாக 10 மாதங்கள்வரை ஆகலாம். படிப்பு முடிந்ததும் குழந்தை வேண்டும் என்று திட்டமிட்டிருந்தால் இதைக் கணக்கில் வைத்து ஊசியை நிறுத்துங்கள். தேர்வைப் பொறுத்தவரை, மூன்று மாதத் தவணைத் தேதிக்கு இரண்டு வாரம் முன்னதாகவோ நான்கு வாரம் பின்னதாகவோ போட்டுக்கொண்டால் பாதுகாப்பு குறையாது.