லைன் ஓட்டத் தெரிந்தவருக்கு எதற்கு 45,000 ரூபாய் கோர்ஸ்?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லராகச் சேர்ந்து சூப்பர்வைசர் ஆனேன். இப்போது 60 மெஷினுக்கு புரொடக்‌ஷன் மேனேஜர். தையல் லைனை ஓட்டிவிடுவேன், இங்கிலீஷ் மெயில், எக்செல் என்றால்தான் தகராறு. 45,000 ரூபாய்க்கு ‘லீடர்ஷிப் கோர்ஸ்’ போகச் சொல்கிறார் முதலாளி. போகலாமா?

பதில்: வேண்டாம். உங்களை எதற்காக மேனேஜர் ஆக்கினார்கள்? கழுத்துப் பட்டியான ரிப் வைக்கும் இடத்தில் பண்டில், அதாவது தைக்க வேண்டிய துணிக்கட்டு, குவிந்தால், ஸ்டாப்வாட்ச் இல்லாமலே உங்கள் கண்ணில் படும். தோள் ஜாயின்ட்டுக்கு 15 விநாடி, கழுத்துக்கு 30 விநாடி என்றால் ஒரு தோள் டெய்லருக்கு இரண்டு கழுத்து டெய்லர் வேண்டும். இதைப் பார்க்காமல் காலையில் மெயிலோடு மல்லுக்கட்டினால் மதியத்துக்குள் லைன் படுத்துவிடும், ராத்திரி ஓ.டி. (ஓவர்டைம்) போட்டுத்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கும். ஆகவே 11 மணி வரை லைனை விட்டு நகராதீர்கள்.

மெயிலை, ஆர்டர் கொடுக்கும் பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் ஜூனியர் மெர்ச்சண்டைசரிடம் விடுங்கள். தினமும் மாலை பத்து நிமிடம், ஸ்டைல் நம்பர், முடிந்த பீஸ், எந்தத் தேதி இடிக்கும் என்ற மூன்றை மட்டும் வாயால் சொன்னால் போதும். எக்செலில் உங்களுக்கு வேண்டியது கூட்டலும் ஃபில்டரும்தான். அக்கவுண்ட்ஸில் கேட்டால் இரண்டு நாளில் சொல்லித் தருவார்கள். பலவீனம் காரியத்தைக் கெடுக்காத அளவுக்கு வந்துவிட்டால் அதோடு விட்டுவிடலாம்.

வேறென்ன பலம் இருக்கிறது என்று அறிய, நிர்வாகவியல் எழுத்தாளர் பீட்டர் டிரக்கர் சொன்ன வழி ஒன்று உண்டு. முக்கியமான முடிவு எடுக்கும்போது என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அதை எழுதி வைத்து, பிறகு நடந்ததோடு ஒப்பிடுவது. அவர் 9 முதல் 12 மாதம் பொறுக்கச் சொன்னார். உங்களுக்கு ஒரு ஸ்டைல் ஷிப்மென்ட் ஆனாலே விடை தெரிந்துவிடும். செலவு, ஒரு 40 பக்க நோட்டு.

இதில் விதிவிலக்கு, உங்கள் கையெழுத்து. மெயிலை ஒப்படைக்கலாம், வருகைப் பதிவையும் ஓ.டி. ஷீட்டையும் படிக்கும் வேலையை ஒப்படைக்கக் கூடாது. ‘எனக்குக் கணக்கு வராது’ என்பது இங்கே செல்லாது. தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்காவது பங்களிப்பு இருந்தால்தான் நோய்க்கால உதவித்தொகை. நீங்கள் பார்க்காமல் போட்ட கையெழுத்தால் ஒரு ஹெல்பருக்கு 76 நாள் என்று பதிவாகிவிட்டால், டைஃபாய்டில் படுத்த ஆளுக்குக் காசு வராது. ‘ஜூனியர் போட்ட ஷீட்’ என்று நீங்கள் சொல்வதை யாரும் கேட்க மாட்டார்கள். ஓ.டி.க்கு இரட்டைக் கூலி விழுந்திருக்கிறதா என்பதும் அப்படித்தான். மாதக் கடைசியில் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு வரிவரியாகப் பாருங்கள்.

இனி கோர்ஸ் விற்பவர்கள். கைரேகை எடுத்து ‘உங்கள் தலைமைப் பண்பு 82 சதவீதம்’ என்று கலர் ரிப்போர்ட் தருவார்கள். விரல் ரேகைக்கும் வேலைத் திறமைக்கும் அறிவியல் தொடர்பு கிடையாது. ‘சர்டிஃபிகேட் உண்டு’ என்பார்கள். எந்த பையரும் அதைக் கேட்பதில்லை. கம்பெனிக்குள்ளேயே சிலர் கமிஷனுக்கு ஆள் பிடிப்பதும் உண்டு, பரிந்துரைத்தவர் யார் என்று விசாரியுங்கள்.

நம் கம்பெனிகளின் அப்ரைசல் படிவமே கோளாறு. ‘குறைகள்’ என்ற கட்டம் அரைப் பக்கம், ‘நன்றாகச் செய்வது’ ஒரு வரி. நல்ல டெய்லரை மேனேஜராக்கி, உடனே ஏ.சி. ரூமில் லேப்டாப் முன்னால் உட்கார வைத்துவிட்டு, லைன் ஏன் படுத்தது என்று மீட்டிங் போடுகிறார்கள்!

அந்த 45,000 ரூபாயை ஜூனியருக்கு மாதம் 3,000 கூடுதலாகக் கொடுத்தால் 15 மாதம் வரும். முதலாளியிடம் இந்தக் கணக்கை நேரில் சொல்லுங்கள், மெயிலில் வேண்டாம்.