அந்த முழங்கால் வலியை முதலில் காட்டுங்கள்

“இனி எந்த மருந்துமே என் பையனுக்குக் கேட்காதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்கும். நீங்கள் அனுப்பிய தொண்டை கல்ச்சர் ரிப்போர்ட்டில் (தொண்டைக் கிருமியை வளர்த்து, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் பரிசோதனை) எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு நேராக ‘ஆர்’, அதாவது கட்டுப்படாது என்று இருப்பதைப் பார்த்துப் பயந்துவிட்டீர்கள். அதே தாளில் பென்சிலினுக்கு நேராக ‘எஸ்’ என்று இருக்கிறதே, கிருமி அதற்குக் கட்டுப்படும் என்று அர்த்தம். அவனுக்கு வந்திருப்பது ‘ஏ’ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா. பென்சிலின் புழக்கத்துக்கு வந்து 80 ஆண்டுகள் ஆகியும், முழுமையாக அதற்கு அடங்காத ‘ஏ’ பிரிவுக் கிருமியை எந்த நோயாளியிடமும் கண்டதில்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பென்சிலினை எதிர்க்கும் என்று இணையத்தில் நீங்கள் படித்தது நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் பற்றி. அதுவும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குடும்பம்தான். அதில் சில வகைகள் 1960களிலிருந்தே பென்சிலினை எதிர்க்கின்றன. உங்கள் மகன் தொண்டையில் இருப்பது அது இல்லை.

சரி, எனக்குக் கவலை தருவது கடிதத்தின் கடைசி வரி. “நாலு நாளாக முழங்கால் வலி என்கிறான், நேற்று அது போய் கணுக்கால் வீங்கியிருக்கிறது, விளையாடும்போது அடிபட்டிருக்கும்” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அடிபட்ட வலி ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்குத் தாவாது. ஒன்பது வயதுப் பையன், மூன்று வாரத்துக்கு முன் தொண்டை வலியும் காய்ச்சலும், இப்போது இடம் மாறும் மூட்டு வலி. இது ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம், அதாவது இந்தத் தொண்டைக் கிருமி வந்து போன சில வாரங்களில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டையும் இதயத்தையும் தாக்கும் நோய். மூட்டு வலி எப்படியும் சரியாகிவிடும். ஆனால் அந்த நோய் இதய வால்வைத் தொட்டுவிட்டால், அந்தப் பாதிப்பு வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடக்கூடும். இதைப் படித்ததும் குழந்தை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். இ.சி.ஜி., எக்கோ (இதய ஸ்கேன்), இரத்தப் பரிசோதனை எல்லாம் தேவைப்படும். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு படபடத்தாலோ, கைகால் தானாக வெட்டி வெட்டி அசைந்தாலோ நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடுங்கள்.

அதுவரை ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எதுவும் கொடுக்காதீர்கள். அவை கொடுத்தால் வீக்கம் சட்டென்று வடிந்துவிடும். வலி இடம் மாறியதற்கான தடயமே இல்லாமல் போய், மருத்துவர் கண்டுபிடிப்பது சிரமமாகும். வலி தாங்கவில்லை என்றால் எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் போதும்.

இப்போது அந்த மூன்று மாத்திரை விஷயம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு அசித்ரோமைசின் வாங்கிக் கொடுத்தீர்கள், காய்ச்சல் இறங்கியது, மருந்து வேலை செய்தது என்று நினைத்தீர்கள். இந்தக் காய்ச்சல் மருந்தே இல்லாவிட்டாலும் பெரும்பாலும் நாலைந்து நாளில் தானாக இறங்கிவிடும். அசித்ரோமைசினும் எரித்ரோமைசினும் ஒரே குடும்பம். கிருமி புரதம் தயாரிக்கும் இடத்தில் போய் ஒட்டிக்கொண்டுதான் இவை அதை முடக்குகின்றன. உங்கள் மகனின் கிருமியிடம் அதற்கு எதிர்ப்பு இருக்கிறது. ஒன்றுக்கு ‘ஆர்’ என்றால் மற்றதற்கும் அதேதான். காய்ச்சல் போனது, கிருமி தொண்டையிலேயே இருந்தது. தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் சரியான மருந்தை ஆரம்பித்திருந்தால் ருமாட்டிக் காய்ச்சலைப் பெரும்பாலும் தடுத்திருக்கலாம். அந்த நாட்கள்தான் வீணாகப் போயின. சளிக்கும் இருமலுக்கும் இந்த மாத்திரையை வாங்கி வாங்கித்தான் இந்த எதிர்ப்பை நாம் வளர்த்தோம். தொண்டை வலியில் பெரும்பகுதி வைரஸால் வருவது. மூக்கொழுகலும் இருமலும் சேர்ந்திருந்தால் அநேகமாக ஆன்டிபயாடிக்கே வேண்டாம். உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அடுத்த முறை கடைக்காரரிடம் கேட்காதீர்கள், அவ்வளவுதான்.

ஐஸ்கிரீமால் வந்ததா? இல்லை. டான்சிலை எடுத்துவிடலாமா? இப்போதைக்கு அந்தப் பேச்சே வேண்டாம். தங்கைக்கு முன்கூட்டியே மாத்திரை கொடுக்க வேண்டுமா? நீங்களாக எதுவும் கொடுக்காதீர்கள். தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே காட்டுங்கள்.

மருத்துவர் பென்சிலின் ஊசி போடலாம், அல்லது பத்து நாளுக்கு மாத்திரை தரலாம். மாத்திரை என்றால், நாலாம் நாளே நன்றாகிவிட்டாலும் பத்து நாளும் கொடுங்கள். ருமாட்டிக் காய்ச்சல் உறுதியானால் மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு ஊசி, பல ஆண்டுகளுக்குத் தொடரும். பள்ளியில் பரீட்சை இருந்தாலும் அதைத் தள்ளிப்போடக் கூடாது. முன்பு எப்போதாவது பென்சிலினோ அமாக்ஸிசிலினோ கொடுத்து உடம்பெல்லாம் தடித்திருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கல்ச்சர் ரிப்போர்ட்டையும் அந்த மாத்திரை அட்டையையும் மறக்காமல் கையில் எடுத்துப் போங்கள்.