ஆறு மாடு ஏற்றலாமா, ஒன்றும் ஏற்றக் கூடாதா?

வாசகர் கேள்வி:

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். நான்கு மாடுகளை வைத்துக் காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறோம். லட்சுமி என்ற பசுவுக்குப் பன்னிரண்டு வயதாகிறது. எட்டு ஈற்று ஈன்றவள். இப்போது பால் வற்றிவிட்டது, சினையும் பிடிப்பதில்லை. தரகர் வந்து விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். கல்லூரியில் படிக்கும் என் மகன், அவளை விற்றால் இந்த வீட்டில் இனிப் பால் குடிக்க மாட்டேன் என்கிறான். 'பிள்ளையைப் போலத்தானே வளர்க்கிறோம், ஒரு நாளாவது அடித்திருக்கிறோமா?' என்று அவனுடைய அப்பா கேட்டால், 'நீங்கள் சொல்வது விலங்கு நலம், நான் கேட்பது விலங்கு உரிமை' என்று பதில் சொல்கிறான். இரண்டுக்கும் என்ன வேறுபாடு? லட்சுமியை நான் என்ன செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கணவரும் மகனும் ஒரே கேள்விக்கு எதிரெதிரான விடைகளைச் சொல்வதாக உங்களுக்குத் தோன்றுகிறது. அவர்கள் முன்னால் இருப்பவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். மனிதன் தன் தேவைக்கு விலங்கைப் பயன்படுத்துவான் என்பதை ஒப்புக்கொண்டு, அப்படிப் பயன்படுத்தும்போது அதை எப்படி நடத்த வேண்டும் என்று கேட்பது விலங்கு நலம். பயன்படுத்துவதற்கு நமக்கு அதிகாரம் ஏது என்று கேட்பது விலங்கு உரிமை. அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை என்று உங்கள் கணவர் சொல்வது முதல் கேள்விக்கு நேர்மையான விடை. உங்கள் மகன் கேட்டதோ இரண்டாவது கேள்வி. அதனால்தான் எத்தனை நாள் பேசினாலும் பேச்சு முடிவதில்லை.

உங்கள் ஊரைத் தாண்டிப் போகும் மாட்டு லாரிகளையே எடுத்துக்கொள்வோம். கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம், வாளையார் என்று எந்தச் சாவடி வழியாக வந்தாலும் அவற்றுக்கு 1978-ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள் பொருந்தும். சாதாரணச் சரக்கு லாரி ஒன்றில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. பயணத்தைத் தாங்கும் உடல்நிலையில் மாடு இருக்கிறது என்று கால்நடை மருத்துவர் சான்று தர வேண்டும். பார்த்துக்கொள்ள ஆள் ஒருவர் உடன் செல்ல வேண்டும். தீவனம் இருக்க வேண்டும். வேறு சரக்கு எதுவும் உடன் ஏற்றக் கூடாது. இவை அனைத்தும் நலத்தின் மொழி. ஆறு மாடுகள் வசதியாக நின்றுகொண்டு அடிமாடாகப் போவதில் இந்த விதிகளுக்கு மறுப்பு இல்லை. உரிமை பேசுபவரோ ஏழாவது மாட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன்பாகவே முதல் மாட்டைப் பற்றிக் கேட்டுவிடுகிறார்.

எல்லையோரத்தில் கால்நடை மருத்துவராக இருந்த காலத்தில், ஒரு விடியற்காலை, லாரியில் மாடு ஒன்று விழுந்துவிட்டது என்று என்னைச் சாவடிக்கு அழைத்தார்கள். உள்ளே பத்தொன்பது மாடுகள் இருந்தன. விழுந்து கிடந்த பசுவின் வால், எழுப்புவதற்காக முறுக்கி முறுக்கியே மூன்று இடங்களில் கணு ஒடிந்து தொங்கியது. இமைக்குள் மிளகாயைத் தேய்த்திருந்ததால் கண் இரண்டும் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. தார்ப்பாயிலிருந்து சொட்டிய பனிநீரை அது படுத்தபடியே நாக்கை நீட்டி நக்கிக்கொண்டிருந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி இப்படிப்பட்ட குற்றத்தை முதல் முறை செய்தவருக்கு 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அவ்வளவுதான். அந்தத் தொகை ஓட்டுநரின் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுகூட இல்லை.

இந்தச் சட்டம் வருவதற்கு முக்கியக் காரணமானவர் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்த அவர் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று நேரு உறுதியளித்த பின்னர் அதைத் திரும்பப் பெற்றார். 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். அவர் புலால் உண்ணாதவர். ஆயினும் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், உணவுக்காகக் கொல்வதை விலக்கவில்லை. கொல்லும்போது தேவையற்ற வலி கூடாது என்று மட்டுமே சொன்னது. 'தேவையற்ற' என்ற அந்த ஒரு சொல்லில் நலம் முழுவதும் அடங்கியிருக்கிறது. தேவையான வலி என்று ஒன்று உண்டு என்பதை அது ஏற்றுக்கொள்கிறது. எது தேவை என்று முடிவு செய்பவர் மாடு அல்ல என்பதுதான் உங்கள் மகனின் மறுப்பு.

நலத்துக்கென்று உலகெங்கும் வழங்கும் அளவுகோல் ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் 1965-இல் பிராம்பெல் குழு அளித்த அறிக்கையிலிருந்து வளர்ந்து, ஐந்து விடுதலைகள் என்று பெயர் பெற்றது அது. பசி தாகத்திலிருந்தும், இருப்பிடத்தின் அசௌகரியத்திலிருந்தும், வலி காயம் நோயிலிருந்தும், அச்சத்திலிருந்தும் விடுதலை. இவற்றோடு தன் இயல்புப்படி நடந்துகொள்ளும் விடுதலை. உங்கள் கணவர் முதல் நான்கில் குறை வைத்திருக்க மாட்டார் என்று நம்புகிறேன். ஐந்தாவதை இன்று மாலை நீங்களே கட்டுத்தறிக்குப் போய்ப் பாருங்கள். கயிறு எவ்வளவு நீளம்? தலையைத் திருப்பித் தன் முதுகை நக்க மாட்டால் முடிகிறதா? முன்னங்கால் முட்டிகளில் முடி உதிர்ந்து தோல் காய்த்துப் போயிருந்தால், அது சிமெண்ட் தரையில் சறுக்கி எழுந்த வடு. அன்பான வீடுகளிலும் இதைப் பார்த்திருக்கிறேன். அன்பு வேறு, நலம் வேறு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

உரிமைக்கு வருவோம். அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் டாம் ரீகன் 1983-இல் இதை விரிவாக எழுதினார். தனக்கு நேர்வது நல்லதா கெட்டதா என்பதை உணர்ந்து வாழும் ஒவ்வோர் உயிருக்கும், பிறருக்கு அதனால் கிடைக்கும் பயனைச் சாராத தனி மதிப்பு உண்டு. ஆகவே அதைப் பிறருடைய கருவியாக மட்டும் நடத்துவது அநீதி என்பது அவருடைய வாதம். வெளிநாட்டுச் சரக்கு என்று உங்கள் கணவர் இதைத் தள்ளிவிட வேண்டாம். திருவாரூரில் மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணியை அடித்த பசுவை நினைத்துப் பாருங்கள். அது புல்லோ தண்ணீரோ இரக்கமோ கேட்டு வரவில்லை. தன் கன்றைக் கொன்றவன் இளவரசனே ஆனாலும் தனக்கு நீதி வேண்டும் என்று வழக்காட வந்தது. அரசனும் அதை வழக்காகவே எடுத்துக்கொண்டான். மாடு வாதியாக நிற்கலாம் என்று கற்பனை செய்த ஒரு மக்கள் கூட்டத்துக்கு, உரிமை என்ற எண்ணம் புதியதாக இருக்க முடியாது.

நம் நீதிமன்றங்கள் இந்த இரண்டுக்கும் நடுவே போய்வந்துகொண்டிருக்கின்றன. சர்க்கஸ் கலைக்குப் பேர்போன தலச்சேரி இருக்கும் கேரளத்தில்தான், கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தை காட்டப் பயன்படுத்தக் கூடாது என்ற அறிவிக்கையைக் கேரள உயர் நீதிமன்றம் 2000-இல் உறுதி செய்தது. மனிதருக்கு அடிப்படை உரிமை உண்டென்றால் விலங்குகளுக்கு ஏன் இருக்கக் கூடாது என்றும் அந்தத் தீர்ப்பில் கேட்டது. கூண்டைப் பெரிதாக்கு என்பது நலம். கூண்டே வேண்டாம் என்பது உரிமை. 2014-இல் ஜல்லிக்கட்டைத் தடை செய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு உரிமையின் மொழிக்கு மிக அருகில் வந்தது. 2017-இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. அந்தத் திருத்தத்தை 2023 மே மாதத்தில் ஏற்றுக்கொண்ட அரசியல் சாசன அமர்வு, விலங்குகளுக்கு அடிப்படை உரிமை வழங்க முன்மாதிரி இல்லை என்று சொல்லிவிட்டது. ஆகவே இன்றைய நிலையில் நலம் சட்டத்தில் இருக்கிறது. உரிமை பெரும்பாலும் மனசாட்சியில் இருக்கிறது.

இரண்டையும் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் எல்லைப் பகுதிக்காரர்கள் நேரில் கண்டிருக்கிறோம். 2017 மே மாதத்தில் மத்திய அரசு கால்நடைச் சந்தை விதிகளை அறிவித்தபோது, வெட்டுவதற்காகச் சந்தையில் மாடு விற்கக் கூடாது என்று அதில் இருந்தது. அந்த விதிகளின் தாய்ச் சட்டமான 1960-ஆம் ஆண்டுச் சட்டமோ உணவுக்காகக் கொல்வதை அனுமதிக்கும் நலச் சட்டம். அதன் கீழ் வந்த விதி, விற்பனையையே தடுக்க முடியுமா என்ற கேள்வி எழுந்தது. அந்த மாத இறுதியிலேயே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. தண்ணீர்த் தொட்டி, நிழல், சாய்தளம் என்று சந்தை மாட்டுக்கு உண்மையில் வேண்டியவை அந்தச் சண்டையில் பேசப்படாமலேயே போனது எனக்கு இன்றும் வருத்தம்.

உங்கள் மகனிடம் ஒன்றை நீங்களே ஒப்புக்கொள்ளலாம். லட்சுமியை விற்காமல் இருந்தாலும் அவனுடைய கேள்வி தீர்ந்துவிடாது. பசு ஈன்றால்தான் பால். ஈனும் கன்றுகளில் ஏறக்குறையப் பாதி காளைக்கன்று. உழவுக்கு டிராக்டர் வந்த பின்பு, கலப்பினக் காளைக்கன்றுக்கு எந்த வீட்டிலும் வேலை இல்லை. லட்சுமி ஈன்ற எட்டில் எத்தனை காளைக்கன்றுகள், அவை எங்கே போயின என்று அவன் கேட்டால், உங்களிடம் விடை இருக்காது. பால் மாடு வைத்திருக்கும் யாரிடமும் அநேகமாக இருக்காது. பாலும் இறைச்சியும் ஒரே கயிற்றின் இரு முனைகள் என்று அவன் சொல்வது சரியான கணக்கு.

ஆனால் அவனும் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறான். அவனுடைய கல்லூரிக் கட்டணம் அந்தப் பால் பணம்தான் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அதைச் சொல்லி அவன் வாயை அடைக்கவும் கூடாது. விற்க மாட்டோம் என்று சொல்வது எளிது, வற்றிய மாட்டுக்குத் தினமும் சோளத் தட்டு வெட்டிப் போடுவது எளிதல்ல. விற்கவும் மனமில்லாமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல் பாதையில் அவிழ்த்துவிடப்பட்ட மாடுகளின் வயிற்றை நான் அறுத்திருக்கிறேன். உள்ளே பிளாஸ்டிக் பைகள் கயிறாகத் திரண்டு கிடந்தன. உரிமையின் பெயரால் நலத்தைக் கைவிடுவது மாட்டுக்கு எந்த விதத்திலும் உதவாது.

லட்சுமியைப் பற்றி என் கருத்து: முடிந்தவரை வைத்துக்கொள்ளுங்கள். கறவை நின்ற, 400 கிலோ எடையுள்ள பசுவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 8 கிலோ உலர்தீவனம் போதும். பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் பால் மாட்டுக்குப் போகட்டும். நாளுக்குப் பத்துக் கிலோவுக்குக் குறையாமல் சாணம் கிடைக்கும். உங்கள் பக்கத்தில் தென்னந்தோப்புக்காரர்கள் அதை விலை கொடுத்து வாங்குவார்கள். செலவு முழுவதும் ஈடாகாது என்பதை மறைக்கவில்லை. மிச்சச் செலவையும், தினமும் தட்டு வெட்டும் வேலையையும் மகன் ஏற்றுக்கொள்வானா என்று கேளுங்கள். கேள்வி அவனுடையது என்றால் பாரத்தில் பங்கும் அவனுக்கு உண்டு.

விற்றே தீர வேண்டிய நெருக்கடி வந்தால், கயிறு கை மாறிய பிறகு அவளுக்கு நடக்கும் எதுவும் உங்கள் பிடியில் இருக்காது என்பதைத் தெரிந்துகொண்டு விற்க வேண்டும். தரகர் கையில் சந்தை சந்தையாக நாட்கணக்கில் அலைவதைவிட, மருத்துவர் சான்றோடு அருகிலுள்ள உரிமம் பெற்ற இறைச்சிக் கூடத்துக்கு நேராகப் போவது அவளுக்கு வேதனை குறைவு. 2001-ஆம் ஆண்டின் விதிகளின்படி அங்கே மருத்துவப் பரிசோதனைக்குப் பின், வெட்டுவதற்கு முன் 24 மணி நேர ஓய்வு தர வேண்டும். மற்ற மாடுகளின் கண்ணெதிரே வெட்டக் கூடாது. நலத்தின் கணக்கில் இது மேலான வழி. உரிமையின் கணக்கில் இரண்டு வழியும் ஒன்றுதான். இதைப் படிக்க உங்களுக்கு மனம் பதறும் என்று தெரிந்தே எழுதுகிறேன். தரகரிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டால் பதறாமல் இருக்கலாம், ஆனால் லட்சுமிக்கு அதனால் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கூடுதலாகக் கிடைக்காது.

மற்ற மூன்று மாடுகளுக்கும் அடுத்த முறை சினை ஊசி போடும்போது, பாலினம் பிரித்த விந்து கிடைக்குமா என்று கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள். அதில் பத்துக்கு ஒன்பது கிடாரிக் கன்றாகவே பிறக்க வாய்ப்புண்டு. மகனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவரிடம் அவனே கேட்கட்டும்.