பொய்க்கால் குதிரைக்காரர் சொல்லிக் கொடுத்தது: கவச உடை கேள்வி பதில்

கும்பகோணத்தில் ஃபிளெக்ஸ், ஸ்டிக்கர் வேலை பார்க்கிறவன் நான். பொழுதுபோக்காக மூன்று கவசம் கட்டியிருக்கிறேன். முதலாவது, ஸ்டார் வார்ஸ் படத்தில் வரும் வெள்ளைப் படைவீரன், கிட் (துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் தொகுப்பு) வாங்கிக் கட்டியது. மற்ற இரண்டும் 3டி பிரிண்ட்டில் ஒன்று, ஃபோமில் ஒன்று. வெள்ளைக் கவசத்தைப் போட்டுக்கொண்டு தஞ்சாவூரில் ஒரு கல்லூரி விழாவுக்குப் போனதிலிருந்து கேள்வி மேல் கேள்வி. சேர்த்து வைத்து இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணே, கிட் வாங்கினா அப்படியே எடுத்து மாட்டிக்கலாமா? (மன்னார்குடி, இன்ஜினியரிங் மாணவர்)

முடியாது தம்பி. பெட்டியைப் பிரித்தால் முட்டை ட்ரே மாதிரி ஓரமெல்லாம் விரிந்த வெள்ளை பிளாஸ்டிக் துண்டுகள்தான் இருக்கும். எது முன்கை, எது கெண்டைக்கால் என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு சாயங்காலம் ஆனது. இடது, வலது என்றுகூட எழுதியிருக்கவில்லை.

பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்கி, அது தொளதொளக்கும்போது அச்சின் மேல் விரித்து, அடியிலிருந்து காற்றை உறிஞ்சுவார்கள். ஷீட் அச்சோடு ஒட்டிக்கொள்ளும். இதற்குப் பெயர் வேக்யூம் ஃபார்மிங். 1977ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் வெள்ளைக் கவசமும் இப்படிச் செய்ததுதான். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: ஆழமாக இழுபடுகிற மூலைகளில் பிளாஸ்டிக் மெலிந்துவிடும். ஷீட் 2 மி.மீ. என்றால் மூலையில் அந்தத் தடிமன் இருக்காது. அந்த இடங்களில் உப்புத்தாளைப் போட்டு ரொம்பத் தேய்க்காதீர்கள்.

இடையில் ஒரு செய்தி. அந்தத் தலைக்கவசத்தைச் சிற்பம் என்று சொல்லலாமா, கூடாதா என்று ஒரு வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2011ல் நீதிபதிகள் ‘இது சிற்பம் இல்லை, படத்துக்குத் தேவைப்பட்ட ஒரு பொருள்’ என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சுவாமிமலை ஸ்தபதி ஒருவரிடம் இதைச் சொன்னேன். என் ஹெல்மெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, “தீர்ப்பு சரிதான்” என்றார்.

ஏபிஎஸ், ஹிப்ஸ், 3டி பிரிண்ட், ஃபோம்... நம்ம ஊர் வெயிலுக்கு எது தாங்கும்? (திருவாரூர்)

ஏபிஎஸ், ஹிப்ஸ் இரண்டுமே கிட் செய்யும் பிளாஸ்டிக் வகைகள். கண்ணை மூடிக்கொண்டு ஏபிஎஸ் என்றுதான் சொல்வேன். ஏறக்குறைய 105 டிகிரி செல்சியஸ் வரைக்கும் இளகாது, கீழே விழுந்தாலும் சட்டென்று விரிசல் விடாது. ஹிப்ஸ் விலை குறைவு, வெட்டுவதும் சுலபம், ஆனால் ஏபிஎஸ் அளவுக்கு அடி தாங்காது. ஷிப்பிங், கஸ்டம்ஸ் எல்லாம் சேர்த்தால் வெளிநாட்டு ஏபிஎஸ் கிட் ஒரு பழைய பைக் வாங்கும் காசு. அதை மனதில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

3டி பிரிண்ட்டில் சாதாரணமாகப் பயன்படுத்துவது பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக். அது 60 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். சித்திரை மாதம், பெரிய கோயில் பக்கம் காரை வெயிலில் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் போய் வந்தேன். பின்சீட்டில் இருந்த பிரிண்ட் ஹெல்மெட்டின் தாடை, வெற்றிலை போட்ட கிழவர் வாய் மாதிரி ஒரு பக்கம் கோணிக்கொண்டது. திருப்பி நிமிர்த்தப் பார்த்தேன், அடுக்கு அடுக்காகப் பிளந்தது. பிரிண்ட்தான் வேண்டுமென்றால் பிஇடிஜி என்ற பிளாஸ்டிக்கில் போடச் சொல்லுங்கள், சுமார் 80 டிகிரி வரை தாங்கும். ஃபோமுக்கு ஓரம் சீக்கிரம் பிய்யும்.

நான் அஞ்சடி நாலு அங்குலம். கிட் எல்லாம் ஆறடி ஆளுக்குச் செய்றாங்களாமே? (மயிலாடுதுறை)

உண்மைதான். ஆனால் குட்டையாக்க முடியும், நெட்டையாக்கத்தான் முடியாது. ஒரே விதி: வேலைப்பாடு இருக்கிற ஓரத்தைத் தொடாதீர்கள், வெறும் ஓரத்தை வெட்டுங்கள். வெள்ளைக் கவசத்தில் தொடைத் துண்டின் கீழ் விளிம்பில் மேடான வரம்பு இருக்கிறது, அதனால் மேல் விளிம்பில் குறையுங்கள். கெண்டைக்காலுக்கு முழங்கால் பக்கம் வேலைப்பாடு, அதனால் கணுக்கால் பக்கம் குறையுங்கள்.

மாஸ்கிங் டேப்பில் ஒட்டி, மாட்டி, நடந்து, மாடிப்படி ஒரு தடவை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு 5 மி.மீ. வெட்டுங்கள். மறுபடியும் மாட்டுங்கள். ஒரே வெட்டாக வெட்டிவிட்டு ஒட்டுப்போட்டவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். அதில் ஒருவன் நான்.

எதால வெட்டுறது, எதால ஒட்டுறது? (பாபநாசம், தச்சு வேலை செய்பவர்)

ஐயா, உங்களுக்கு நான் சொல்லித் தருவதா! இருந்தாலும் மரத்துக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ரம்பம் போட்டு அறுக்க வேண்டாம். நேர்க்கோடென்றால் கட்டர் பிளேடால் இரண்டு மூன்று தடவை கீறிவிட்டு மடக்குங்கள், ‘டப்’ என்று சுத்தமாக உடையும். வளைவுக்குத் தகரக் கத்தரி. சுழலும் கருவியை ஓட்டினால் பிளாஸ்டிக் உருகி, பிளேடிலேயே கட்டிக்கொள்ளும். ஓரத்துக்கு 220 நம்பர் உப்புத்தாள், பிறகு 400, கடைசியில் தண்ணீர் தொட்டு 600.

முதலில் மார்புத் தகட்டில் கை வைக்காதீர்கள். முன்கையில் ஆரம்பியுங்கள். அது சின்னது, தப்பு நடந்தாலும் கண்ணை உறுத்தாது.

கை, கால் துண்டுகளெல்லாம் இரண்டு பாதியாக வரும். பாதியோடு பாதியை நேருக்கு நேர் வைத்து, இணைப்பின் மேல் ஒரு பட்டை ஒட்டுவதுதான் முறை. கைக்கு 15 மி.மீ., காலுக்கு முன்பக்கம் 20, பின்பக்கம் 25 அகலம் என்பது பலரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. உள்பக்கமும் ஒரு பட்டை போட்டால் வலு. பசை காய்கிற வரை பிடித்து வைக்க கிளாம்பைவிடக் காந்தம் மேல். பழைய ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்தால் உள்ளே நல்ல காந்தம் கிடைக்கும். விரலை நடுவில் விட்டுவிடாதீர்கள், ரத்தம் கட்டும்.

பசை விஷயத்தில் க்விக் பசை வேண்டவே வேண்டாம். நொடியில் பிடிக்கும், ஆனால் கண்ணாடி மாதிரி இறுகிவிடும், வளைந்தால் விட்டுவிடும். நம்ம ஊர் ஈரக்காற்றில் ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் பூத்தும் போகும். இ6000 என்று டியூபில் வருகிற மாதிரி ரப்பர் தன்மையுள்ள பசைதான் சரி. நாளைக்கு அளவு மாறினால் உரித்தும் எடுக்கலாம். முழுதாகக் காய 24 முதல் 72 மணி நேரம் விடுங்கள். அதன் புகை நல்லதில்லை, திண்ணையில் உட்கார்ந்து ஒட்டுங்கள்.

வெட்டிய ஏபிஎஸ் துணுக்குகளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு அசிட்டோன் ஊற்றி ஒரு ராத்திரி வைத்தால் தோசை மாவு பதத்தில் குழைந்துவிடும். அதே நிறம், அதே பிளாஸ்டிக், இடைவெளி அடைக்க இதைவிட நல்ல பட்டி கிடையாது. அசிட்டோன் பக்கத்தில் அடுப்பு, பீடி, சாமி விளக்கு எதுவும் இருக்கக்கூடாது.

எல்லாம் ஒட்டியாச்சு. மாட்டினா மார்புத் தகடு வயித்துல இறங்குது, தொடை முழங்காலுக்கு வந்துடுது. கிட் சரியில்லையா? (கும்பகோணம்)

கிட்டில் குற்றம் இல்லை. நான் பார்த்தவரை பாதிப் பேர் இங்கேதான் வெறுத்துப்போய்ப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். பிளாஸ்டிக்குக்கு மூன்று மாதம் செலவழித்துவிட்டு, பட்டைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினால் இப்படித்தான் ஆகும்.

என் முதல் கவசமும் இதே மாதிரிதான் சரிந்தது. அப்போது ஒரு திருவிழாவில் பொய்க்கால் குதிரை ஆடும் பெரியவரைப் பார்த்தேன். ஆட்டம் முடிந்து குதிரைக் கூட்டைக் கழற்றி வைத்திருந்தார். தூக்கிப் பார்க்கலாமா என்று கேட்டு, அப்படியே அவரிடம் என் பிரச்சினையையும் சொன்னேன். “தம்பி, கூட்டை உடம்புல ஒட்டிக்கப் பாக்குறீங்க. ஒட்டக்கூடாது, தொங்கணும். தோளுல தொங்கணும், இடுப்புல நிக்கணும். மத்த இடத்துல சும்மா தொட்டுக்கிட்டு வரணும்” என்றார். குதிரையின் முன்பாரமும் பின்பாரமும் சமமாக இருக்கும்படி தோள் கயிற்றை எப்படி ஏற்றி இறக்குவது என்றும் காட்டினார். கட்டைக்காலில் நின்று குதிக்கிற மனிதருக்குக் கயிறு ஒரு விரல்கடை தளர்ந்தாலும் ஆபத்து.

வீட்டுக்கு வந்து எல்லாப் பட்டையையும் பிய்த்து எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டினேன். மார்பையும் முதுகையும் இணைக்க இரண்டு தோளிலும் 2 அங்குல நைலான் பட்டை, இழுபடாதது. அதன் மேல்தான் பாரம். விலாப் பக்கம் மட்டும் எலாஸ்டிக், மூச்சு விட இடம் வேண்டுமே. வயிற்றுத் தகடு மார்புத் தகட்டிலிருந்து தொங்கும். தொடைக் கவசம் தொடையைக் கவ்விக்கொண்டு நிற்காது. உள்ளே ஒரு அகல பெல்ட் கட்டி, அதிலிருந்து இறங்கும் பட்டையில் தொங்கவிட வேண்டும். தோள்மணி, மேல்கை, முன்கை மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று எலாஸ்டிக்கில் சங்கிலி போல இறங்கும்.

பட்டையை நேராகப் பிளாஸ்டிக்கில் ஒட்டாதீர்கள். சதுரமாக ஒரு நைலான் துண்டு வெட்டி, அதில் பிரஸ் பட்டனை அடித்து, அந்தத் துண்டை ஒட்டுங்கள். பட்டன் பிய்ந்தால் துண்டை மட்டும் மாற்றலாம். இதையெல்லாம் ஆன்லைனில் தேட வேண்டாம். பை தைக்கிற கடையில் நைலான் பட்டை, கிளிப், பட்டன், வெல்க்ரோ எல்லாம் மீட்டர் கணக்கில் தருவார்கள், பட்டனும் அடித்துக் கொடுப்பார்கள். எனக்கு அடித்துக் கொடுத்தவர், “குதிரைக்குச் சேணமா?” என்று கேட்டார். கிட்டத்தட்ட அதுதான்.

முழங்காலுக்குப் பின்புறம் கவசம் கடிக்கும். அந்த ஓரத்தைப் பிறைநிலா மாதிரி வளைத்து வெட்டி, பழைய சைக்கிள் டியூபைக் கீறி ஓரத்தில் செருகுங்கள்.

அடிபட்ட, பெயிண்ட் உரிந்த மாதிரி ஒரு பழைய தோற்றம் வேணும். (வேதாரண்யம்)

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வியா! இதற்கு வேண்டியதே கல் உப்புதான். முதலில் வெள்ளி நிறம் அடித்துக் காயவிடுங்கள். உரிய வேண்டிய இடங்களில் தண்ணீர் தெளித்து, கல் உப்பைத் தூவி, ஈரம் காய்ந்து அது ஒட்டிக்கொண்டதும் மேல் நிறத்தை அடியுங்கள். பெயிண்ட் காய்ந்த பிறகு பிரஷ்ஷால் உப்பைத் தட்டிவிட்டால் கீழே வெள்ளி எட்டிப் பார்க்கும். மனிதக் கையால் அவ்வளவு ஒழுங்கில்லாமல் வரையவே முடியாது. உரசல் படுகிற இடங்களில் மட்டும் தூவுங்கள், முழங்கை, முழங்கால், தோள் விளிம்பு. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலை வேண்டாம். உப்பு கசியும், ஸ்ப்ரே பெயிண்ட்டும் ஈரத்தில் பால் மாதிரி மங்கிவிடும். தை பிறக்கட்டும்.

ஹெல்மெட்டுக்குள்ள மூச்சு முட்டுது, கண்ணாடில ஆவி படியுது. (நாகப்பட்டினம்)

40 மி.மீ. கம்ப்யூட்டர் விசிறி, 5 வோல்ட்டில் ஓடுவது, இரண்டு வாங்குங்கள். ஒன்று வெளிக்காற்றைக் கண்ணாடிப் பக்கம் ஊதட்டும், மற்றது உள்காற்றை வெளியே தள்ளட்டும். இரண்டும் ஊதினால் உள்ளே உங்கள் மூச்சே சுற்றிச் சுற்றி வரும். பவர் பேங்க்கை இடுப்பின் பின்னால் வையுங்கள். ஆவிக்கு, பாத்திரம் கழுவும் சோப்பில் ஒரு சொட்டைத் தடவி உலர்ந்த துணியால் துடைத்தால் ஒரு மணி நேரம் ஓடும்.

உடம்புச் சூட்டுக்கு விசிறி போதாது. அக்னி நட்சத்திரத்தில் பகலில் போடவே போடாதீர்கள். மற்ற நாளிலும் அரை மணி போட்டால் அரை மணி கழற்றி வையுங்கள், நீர்மோர் குடியுங்கள். தலை கிறுகிறுத்தால் படம் எடுப்பவர்கள் காத்திருக்கட்டும், முதலில் ஹெல்மெட்டைக் கழற்றுங்கள்.

அப்புறம், தனியாகப் போகாதீர்கள். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பார்த்தால் உங்கள் காலே தெரியாது, உயரம் குறைந்த குழந்தை பக்கத்தில் நின்றாலும் தெரியாது. கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஒரு ஆள் வேண்டும். எனக்கு என் மச்சான் வருவான், பேச்சுக்குப் பேச்சு பிரியாணி கேட்பான்.

என் பையன் அஞ்சாம் வகுப்பு. ஆண்டு விழாவுக்கு இந்த மாதிரி வேணுமாம். (வலங்கைமான், ஒரு அம்மா)

கிட் வாங்காதீர்கள் அம்மா, அடுத்த வருஷம் சேராது. ஈவிஏ ஃபோம் (ரப்பர் பாய் மாதிரி மெத்தென்று இருப்பது) ஷீட், செருப்புக் கடையில் ஒட்டுகிற சொல்யூஷன், ஒரு கத்தி போதும். நீங்களே வெட்டி ஒட்டுங்கள், பையனிடம் சொல்யூஷனைக் கொடுக்க வேண்டாம். ஹெல்மெட்டுக்குப் பதில் நெற்றிப் பட்டை போதும். மேடையில் பையன் முகம் தெரிய வேண்டாமா?

ரயிலில் கொண்டுபோக முடியுமா? (மன்னார்குடி, இன்னொருவர்)

தாராளமாக. 2024 பிப்ரவரியில் சென்னையில் முதல் காமிக் கான் (காமிக்ஸ் ரசிகர்கள் வேஷம் கட்டிக்கொண்டு கூடும் விழா) நடந்தபோது உழவன் எக்ஸ்பிரஸில்தான் ஏற்றிப் போனேன். உங்களுக்கு மன்னை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில், பெரிய துண்டுக்குள் சிறிய துண்டு என்று அடுக்கி, நடுவில் பழைய வேட்டியைத் திணியுங்கள். பொம்மைத் துப்பாக்கி இருந்தால் வீட்டிலேயே விடுங்கள், ஸ்டேஷனில் விளக்கம் சொல்லி மாளாது.

வெள்ளை மஞ்சளாகுதே? (தஞ்சாவூர்)

வெயில்தான் காரணம். ஏபிஎஸ்ஸில் இருக்கும் ரப்பர்ப் பகுதி புற ஊதாக் கதிரில் கெடுகிறது. ஜன்னலோரத்தில் அழகுக்கு நிறுத்தி வைக்காதீர்கள். தின்னர், பெட்ரோல் போட்டுத் துடைக்காதீர்கள், சோப்புத் தண்ணீர் போதும்.

கேக்க கூச்சமா இருக்கு. ஒண்ணுக்கு வந்தா என்ன பண்றது? (பெயரும் ஊரும் வேண்டாமாம்)

இதைக் கேட்காதவர்கள்தான் கஷ்டப்படுவார்கள். வயிற்றுத் தகட்டுக்குக் கீழே வரும் முன் துண்டையும் பின் துண்டையும் ஒன்றாக ஒட்டிவிடாதீர்கள். கால்களுக்கு நடுவே ஒரு எலாஸ்டிக், இரண்டு பிரஸ் பட்டன், அவ்வளவுதான். உள்ளே போடும் கறுப்பு உடையை மேல் ஒன்று, கீழ் ஒன்று என்று இரண்டாக எடுங்கள், ஒரே உடையாக எடுத்தால் தோள் வரை கழற்ற வேண்டியிருக்கும். கையுறையோடு அந்தப் பட்டனைத் திறக்க வீட்டில் நாலு தடவை பழகிக்கொள்ளுங்கள். மறுபடி மாட்டுவதற்கு, மச்சானை வாசலில் நிறுத்தி வையுங்கள்.