புது கார்பரேட்டர் வாங்காதீங்க தம்பி, மொதல்ல சோக்கைக் கழட்டிப் பாருங்க

உசிலம்பட்டி பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. அப்பா ஓட்டின 1991 மாடல் புல்லட் 350, வலது கால் கியரு, பாயிண்ட் செட்டு (பிளக்குக்குப் பொறி குடுக்குற பழைய ஏற்பாடு), மிக்கார்ப் கார்பரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்கு விடுற சாமான், சுருக்கமா கார்பு). மூணு மாசமா சைலன்சர்ல கரும்புகை, பிளக் அடுப்புக்கரி மாதிரி ஆயிருது, மூணு பிளக் மாத்தியாச்சு, லிட்டருக்கு 22 தான் குடுக்குது. மார்கழிப் பனியில கூட சோக் போடாமலே ஒரே கிக்ல எந்திரிச்சிருது, ஆனா சூடானதும் திணறுது, கொடைக்கானல் போனா இன்னும் மோசம். மெக்கானிக் "கார்பு போச்சு, புதுசு போட்டுருவோம், 7500 ஆகும், பழசைக் குடுத்தா 500 கழிச்சுக்குவோம்"னு சொல்றாராம். போடலாமான்னு கேக்குறாரு.

போடாதீங்க. அந்த 500 ரூவா விஷயத்துக்கு அப்புறம் வர்றேன், அதுல தான் எனக்கு வயித்தெரிச்சல்.

உங்க கேள்விக்குள்ளயே பாதி பதில் இருக்கு தம்பி. பனிக்காலத்துல குளுந்து கெடக்குற புல்லட்டு சோக் இல்லாம ஒரே கிக்ல எந்திரிக்குதுன்னா அது பெருமைப்பட வேண்டிய விஷயம் இல்ல, சோக் எப்பவும் போட்டபடியே இருக்குன்னு அர்த்தம். சோக்குங்கறது குளுந்த எஞ்சின் எந்திரிக்க ஜாஸ்தி பெட்ரோல் விடுற ஏற்பாடு, இந்த கார்புல அது காத்தை மூடுற தகடு கிடையாது. உள்ள ஒரு சின்ன பிளஞ்சர் இருக்கும், அது கீழ உக்காந்திருந்தா தனியா ஒரு பெட்ரோல் பாதை மூடியிருக்கும், லீவரைத் தூக்குனா தெறக்கும். பிளஞ்சர் அடியில ஒரு ரப்பர் இருக்குல்ல, அது வருசக்கணக்குல உக்காந்து உக்காந்து வட்டமா பள்ளம் விழுந்து கல்லு மாதிரி இறுகிரும், அப்புறம் லீவரை எறக்கி விட்டாலும் ஓரத்துல பெட்ரோல் கசிஞ்சு உள்ள போய்க்கிட்டே இருக்கும். கழட்டிப் பாருங்க, ரப்பர்ல வெடிப்பு இருந்தா, இல்ல நகத்தை வச்சு அழுத்துனா பதியலைன்னா பிளஞ்சரை மட்டும் மாத்துங்க. ஸ்பிரிங் தளர்ந்து போய் பாதியில நிக்குதான்னும் பாருங்க. இவ்வளவு தான், இதுக்கு யாரும் 7500 வாங்க முடியாது, அதனால தான் யாரும் இதைச் சொல்றதும் இல்ல.

அதுக்கும் மொதல்ல பிளக்கைக் கழட்டி விரல்ல தேய்ச்சுப் பாருங்க. காஞ்ச கரி, பவுடர் மாதிரி ஒட்டுச்சுன்னா பெட்ரோல் ஜாஸ்தி. பிசுபிசுன்னு எண்ணெயா இருந்து புகையும் நீலமா இருந்துச்சுன்னா அது ரிங்கு, வால்வு கைடு சமாச்சாரம், கார்பை விட்டுருங்க. ஏர் ஃபில்டரைத் தட்டிப் பாத்து அடைச்சிருந்தா மாத்துங்க. பாயிண்டும் கண்டென்சரும் வீக்கா இருந்தாலும் பிளக் கருக்கும், அதனால அதையும் பாத்து கேப் வச்சிருங்க.

சோக் நல்லா இருக்கா? அப்ப ஒரு டெஸ்ட் சொல்றேன், டூல்ஸே வேணாம். காலையில ஆள் இல்லாத ரோடு, எங்களுக்கு அழகர்கோவில் ரோடு, உங்களுக்கு உங்க ஊர் பக்கம் ஒண்ணு இருக்கும், அதுல நாப்பதுல ஒரே சீரா ஓட்டிக்கிட்டே பெட்ரோல் டேப்பை அடைச்சிருங்க. கொஞ்ச தூரம் ஓடி, நிக்கப்போறதுக்கு முன்னாடி திடீர்னு வண்டி லேசாகி சுத்தமா ஓடுச்சுன்னா, கார்பு அடியில இருக்கற கிண்ணத்துல பெட்ரோல் மட்டம் ஜாஸ்தியா நிக்குதுன்னு அர்த்தம். மட்டம் குறையக் குறைய சரியான கலவைக்கு வந்துட்டுப் போகுது. அப்ப பிரச்சனை கிண்ணத்துல மிதக்குற ஃப்ளோட்டு, இல்ல அது தள்ளி பெட்ரோல் வரத்தை அடைக்கிற ஃப்ளோட் ஊசி. ஃப்ளோட்டைக் காதுகிட்ட வச்சு ஆட்டுங்க, உள்ள சளக்குன்னு சத்தம் கேட்டா ஓட்டை விழுந்து பெட்ரோல் குடிச்சிருக்கு. ஊசி முனையில ஒரு கோடு மாதிரி தேஞ்சிருந்தா அதையும் மாத்துங்க.

அதுவும் இல்லைன்னா ஆக்சிலேட்டர் எவ்வளவு திருகும்போது திணறுதுன்னு பாருங்க. கைப்பிடியில ஒரு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி கால், அரை, முக்கால்னு பேனாவுல கோடு போட்டுக்கங்க. சும்மா நிக்கும்போதும் லேசா திருகும்போதும் திணறுனா பைலட் ஜெட்டும் (ஜெட்டுன்னா பெட்ரோல் அளவா போற சின்ன ஓட்டை உள்ள பித்தளை சாமான்) ஏர் ஸ்க்ரூவும். கால்ல இருந்து முக்கால் வரைக்கும்னா ஆக்சிலேட்டரோட சேந்து நகர்ற ஊசியும் (ஃப்ளோட் ஊசி இல்ல, இது வேற) அந்த ஊசி ஏறி எறங்குற நீடில் ஜெட்டும். அதுக்கு மேல மெயின் ஜெட்டு. முப்பது வருசம் ஓடுன வண்டியில நடுவுல தான் அடி வாங்கும், ஏன்னா ஊசி அந்த பித்தளை ஓட்டையில உரசி உரசி ஓட்டை முட்டை மாதிரி நீள்வட்டமா ஆயிரும். ஊசியில ஒரு பக்கம் மட்டும் பளபளன்னு தேஞ்ச தடம் தெரியும். ரெண்டையும் ஜோடியா மாத்தணும், ஊசியை மட்டும் மாத்துனா பிரயோஜனம் இல்ல. சில பேரு ஊசித் தலையில இருக்கற கிளிப்பை மேல் காடிக்கு மாத்தி ஊசியை எறக்கி சமாளிப்பாங்க, அது தலைவலிக்கு தைலம் தேய்க்கிற கதை.

இப்ப அந்த 500 ரூவாக்கு வர்றேன். உங்க பழைய கார்போட உடம்பு ஒரிஜினல் தம்பி. அதுல சீக்கிரம் தேயுற சாமான் சிலது தான், மத்ததெல்லாம் இன்னும் ரொம்ப வருசம் ஓடும். "எக்ஸ்சேஞ்ச்"னு வாங்குறவன் அதைக் காயலான் கடையிலயா போடப்போறான்? மண்ணெண்ணெயில கழுவி, ஊசி ஜெட் மாத்தி, பழைய புல்லட்டை ரெஸ்டோர் பண்றவங்களுக்கு நல்ல விலைக்குத் தள்ளிருவான். உங்களுக்கு வர்றது பெட்டியில பேரு மட்டும் அச்சடிச்ச டூப்ளிகேட்டு. நானே ஏமாந்திருக்கேன், நல்லா பழக்கமான கடைதான், என் வண்டி கார்பைக் குடுத்துட்டு "ஒரிஜினல்"னு ஒண்ணை மாட்டிட்டு வந்தேன், ரெண்டு மாசத்துல ஸ்லைடு (ஆக்சிலேட்டர் திருகுனா கார்புக்குள்ள மேல ஏறுற சாமான்) இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடி ஸ்லோவே, அதாவது ஆக்சிலேட்டரை விட்டா மெதுவா ஓடுறதே, நிக்கல. திரும்பப் போனா என் பழைய கார்பு கை மாறிப் போச்சு. அதனால கழட்டுன சாமான் எதா இருந்தாலும், தேஞ்ச ஊசி உட்பட, கையில வாங்கிட்டுத் தான் கடையை விட்டு எறங்கணும். ஜெட்டை "சுத்தம் பண்றேன்"னு கம்பி, நாசில் பின் விட்டுக் குடையறவன்கிட்டயும் வண்டியை விடாதீங்க. ஓட்டை ஒரு மயிரிழை பெருசானாலே ரிச் (கலவையில பெட்ரோல் ஜாஸ்தி) தான், ஆனா மேல பொறிச்ச நம்பர் என்னமோ பழைய நம்பர்தான் காட்டும். காத்து அடிச்சு தான் சுத்தம் பண்ணணும்.

ஏர் ஸ்க்ரூ பத்தி ஒண்ணு. ஏர் ஃபில்டர் பக்கத்துல இருக்கறது காத்தை விடுற ஸ்க்ரூ, உள்ள திருகுனா காத்து குறைஞ்சு ரிச் ஆகும், வெளிய திருகுனா லீன் (பெட்ரோல் கம்மி) ஆகும். மெதுவா உக்கார வச்சு ஒன்றரை சுத்து வெளிய எடுத்து ஆரம்பிங்க. தெரியாதவன் உள்ள உள்ள திருகிட்டு, அணையாம இருக்க ஸ்லோ ஸ்க்ரூவைத் தூக்கி வச்சு அனுப்பிருவான்.

ஸ்லோவுல ரிச்சா இல்லையான்னு கண்ணால பாக்க ஒரு மெஷின் ஊருக்கு ஊரு இருக்கு, புகை டெஸ்ட் எடுக்குற இடம். குழாயை சைலன்சர்ல விட்டா கார்பன் மோனாக்ஸைடு எத்தனை சதவீதம்னு காட்டும், 2000ஆம் வருசத்துக்கு முந்தின ரெண்டு சக்கர வண்டிக்கு 4.5 வரைக்கும் அனுமதி. அதைத் தாண்டுனா ஸ்லோ சர்க்யூட் ரிச், அவ்வளவு சுலபம். ஆனா யாரு குழாயை விடுறாங்க? நம்பர் பிளேட்டை ஒரு போட்டோ, காசு, பிரிண்ட் அவுட், முடிஞ்சது. கரும்புகை கக்குற வண்டிக்கு நல்ல வண்டின்னு சர்டிபிகேட். நான் ஒருக்கா "குழாயை விட்டுக் காட்டுங்க தம்பி"ன்னு கேட்டதுக்கு "எதுக்கு சார், பாஸ் போட்டுட்டேனே"ங்குறான். அந்த நம்பர் எனக்கு மருந்துச் சீட்டு மாதிரிப்பா! நீங்க கூட்டம் இல்லாத நேரமா போய் வண்டியை நல்லா சூடாக்கிட்டு, ரீடிங் பாக்கணும்னு அடம் பிடிங்க.

கொடைக்கானல் விஷயம் மட்டும் தனி, இதை நல்லா மனசுல வச்சுக்கங்க. நம்ம மதுரை கடல் மட்டத்துல இருந்து சுமார் 100 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2100 மீட்டர். மேல போகப் போக காத்து மெலிஞ்சிரும், அங்க இங்கத்த காத்துல அஞ்சுல ஒரு பங்கு கம்மி. ஆனா கார்புக்கு அது தெரியாது, அது பாட்டுக்கு அந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்காம ஊத்திக்கிட்டு இருக்கும். அப்ப நல்ல வண்டியே அங்க கொஞ்சம் ரிச்சா தான் ஓடும், இழுவை குறையும். அதனால மலைமேல திணறுனதை வச்சு எந்த முடிவும் எடுக்காதீங்க, கீழ வந்து பாத்துச் சொல்லுங்க. முக்கியமா மேல நின்னுக்கிட்டு ஜெட்டு, கிளிப்பு எதையும் மாத்தாதீங்க. ஒருத்தரு பெருமாள்மலையில ஒரு பட்டறையில ஊசியை எறக்கி வாங்கிட்டு, வண்டி நல்லா இழுக்குதுன்னு சந்தோசமா எறங்கி, அப்படியே மறந்துட்டு வத்தலக்குண்டு தாண்டி நிலக்கோட்டை ரோட்ல சித்திரை வெயில்ல அறுபது எழுபதுல வந்திருக்காரு, லீனா ஓடி சூடேறி பிஸ்டன் ஜாம். சிலிண்டரைக் கடைஞ்சு போர் அடிச்ச செலவு கார்பு விலையை விட எத்தனையோ மடங்கு. அப்படி மேல மாத்தியே ஆகணும்னா கீழ வந்ததும் மறுபடி மாத்துற தெம்பும் ஞாபகமும் இருக்கறவரு மாத்தலாம், நீங்க ரெண்டு நாள் போய்ட்டு வர்றவரு, கம்முனு ஓட்டுங்க.

"எத்தனால் பெட்ரோல் தான் காரணம்"னும் சொல்லுவாங்க. இப்ப பங்க்ல வர்ற 20 சதவீத எத்தனால் கலவை வண்டியை லீன் பக்கம் தான் இழுக்கும், ரிச் ஆக்காது. பழைய ரப்பரைக் கெடுக்கும், அது உண்மை, சோக் ரப்பரை மாத்தச் சொன்னதுக்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம், சரி பண்ற வரைக்கும் ஓட்டலாமான்னு கேட்டிருந்தீங்க. பக்கத்துல போய்ட்டு வரலாம், தூரம் வேணாம். ஜாஸ்தியா போற பெட்ரோல் சிலிண்டர் சுவத்துல இருக்கற ஆயிலைக் கழுவிட்டு கீழ எறங்கி எஞ்சின் ஆயில்ல கலந்துரும். ஆயில் டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்க, பெட்ரோல் வாடை அடிக்கும். அதனால கார்பு சரியான அன்னைக்கே ஆயிலையும் மாத்திருங்க. கருத்துப் போன அந்த மூணு பிளக்கையும் தூக்கிப் போட வேணாம், பித்தளை பிரஷ் வச்சு தேய்ச்சு காய வச்சா அதுல ரெண்டு பிளக்காவது ஓடும்.